ஸ்விஃப்ட் டீசலுக்கு டர்போ மாற்றம்: சிங்காநல்லூர் பட்டறை ஒன்றின் சேவை எப்படி?

மாருதி ஸ்விஃப்ட் டீசலில் உள்ள 1,248 சிசி மல்டிஜெட் எஞ்சின் ஃபியட்டின் வடிவமைப்பு. அதன் 75 குதிரைத்திறனில் பெரும்பங்கு, எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தி அனுப்பும் டர்போவின் தயவில் கிடைப்பதால், டர்போ பழுதானால் மேம்பாலம் ஏறுவதற்கே இரண்டாவது கியர் தேவைப்படும். வேறோர் இடத்தில் புதிதாக மாட்டிய டர்போ சில மாதங்களிலேயே ஊளையிட்டு நீலப்புகை கக்கத் தொடங்கியதால், கோவை சிங்காநல்லூரில் டர்போ வேலை மட்டுமே எடுக்கும் ஒரு பட்டறையில் வண்டியை விட்டேன்.

அங்கிருந்த மூத்த மெக்கானிக் டர்போவைக் கழற்றியதும் தண்டின் நுனியை விரல்களால் பிடித்து ஆட்டிக் காட்டினார். காற்றை அழுத்தும் கம்ப்ரசர் சக்கரம் ஹவுசிங்கில் (வெளிக்கூட்டில்) உரசி, நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடு விழுந்திருந்தது. ஹவுசிங் நன்றாக இருந்திருந்தால் கோர் (தண்டும் சக்கரங்களும் அடங்கிய நடுப்பகுதி) மட்டும் மாற்றிக் குறைந்த செலவில் முடித்திருக்கலாம் என்றும், இந்த நிலையில் முழு டர்போவும் மாற்றத்தான் வேண்டும் என்றும் சொன்னார். கண்ணால் பார்த்த பிறகு எனக்கும் மறுப்பில்லை.

இந்தப் பட்டறையை நான் பரிந்துரைப்பதற்குக் காரணம், புதுப் பொருளை மாட்டுவதற்கு முன் பழையது ஏன் போனது என்று தேடியதுதான். நிமிடத்துக்கு 2 லட்சம் சுற்றுகளையும் தாண்டக்கூடிய அந்தத் தண்டு மெல்லிய ஆயில் படலத்தில் மிதந்தபடி சுழல்கிறது; ஆயில் சில நொடிகள் வராவிட்டாலும் தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்துவிடும். என் வண்டியில் ஆயில் வரும் பைப்பினுள் கரி அடைத்திருந்தது. எஞ்சினின் அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பைக் கழற்றியபோது, ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரிலும் கசடு. முன்பு வேலை பார்த்தவர்கள் இந்த இரண்டையும் தொடவே இல்லை. பைப், வாஷர், கேஸ்கெட் எல்லாம் புதிதாக மாற்றி, டர்போவிலிருந்து வரும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரில் தேங்கியிருந்த ஆயிலையும் உலோகத் துகள்களையும் கழுவி எடுத்த பின்னரே டர்போவைப் பொருத்தினார்கள். அதற்குப் பிறகும், இன்ஜெக்டர் இணைப்புகளைப் பிடுங்கிவிட்டு, எஞ்சின் பற்றாதபடி ஸ்டார்ட்டரை மட்டும் சுற்றி, ஆயில் டர்போ வரை வந்ததை உறுதி செய்துகொண்டே ஸ்டார்ட் செய்தார்கள். அவசரக்காரர்கள் முதலில் விட்டுவிடுவது இந்த வேலையைத்தான்.

குறைகளும் உண்டு. மதிப்பீட்டை வாய்மொழியாகவே சொல்கிறார்கள். இன்டர்கூலர் சுத்தம் செய்த கூலி கடைசியில்தான் பில்லில் ஏறியது. வாரண்டிக்குத் தேவையான டர்போ வரிசை எண்ணைப் பில்லில் அச்சிடாததால், கேட்டுக் கையால் எழுதி வாங்க வேண்டியிருந்தது. சொன்ன நாளில் வண்டியும் கிடைக்கவில்லை.

டர்போ இல்லாத பெட்ரோல் காரில் புதிதாகப் பொருத்தித் தரும்படி கேட்ட ஓர் இளைஞரை, அந்த எஞ்சினின் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் காற்றும் பெட்ரோலும் அழுத்தப்படும் அளவு) அதற்கு ஏற்றதல்ல, மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் அனுமதிக்காது என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அந்த எண்ணத்தோடு யாரும் அங்கே போக வேண்டாம். பழைய டர்போவை மாற்றப் போகிறவர்கள், மதிப்பீட்டை எழுத்தில் வாங்கிய பிறகே சாவியைக் கொடுங்கள்.