விவேகானந்தர் இல்லம்: ஒன்பது நாளைத் தாண்டியும் பாருங்கள்

சென்னை விவேகானந்தர் இல்லத்துக்குப் போக, ஆட்டோக்காரரிடம் அதன் பழைய பெயரில் "ஐஸ்ஹவுஸ்" என்றால் உள்ளே பெசன்ட் சாலைப் பக்கம் இறக்கிவிடக்கூடும். "மெரினா எதிரே, விவேகானந்தர் இல்லம்" என்று சொல்லி காமராஜர் சாலையில் இறங்குங்கள். மதிய இடைவேளை உண்டு. நேரத்தை விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

உள்ளே நுழையுமுன் கட்டடத்தை வெளியிலிருந்து பாருங்கள். முன்பக்கம் வட்டமாக இருப்பது அழகுக்காக மட்டுமல்ல. 1842-ல் அமெரிக்க வியாபாரி பிரெடரிக் டியூடரின் கம்பெனி பனிக்கட்டி சேமிக்கக் கட்டிய கிடங்கு இது. மாசசூசெட்ஸ் ஏரிகளில் வெட்டிய கட்டிகள் மரத்தூளில் பொதிந்து கப்பலில் வந்தன. வழியிலேயே நிறைய உருகிவிடும்: 1833-ல் கல்கத்தாவுக்குக் கிளம்பிய 180 டன்னில் சுமார் 100 டன்தான் போய்ச் சேர்ந்தது. உள்ளூரிலேயே ஐஸ் தயாரிக்க ஆரம்பித்ததும் வியாபாரம் படுத்தது. பிறகு வக்கீல் பிலிகிரி ஐயங்கார் வாங்கி, கிடங்கை வீடாக்கி, நீதிபதி கெர்னான் நினைவாக 'காசில் கெர்னான்' என்று பெயர் வைத்தார். வராந்தாக்களும் ஜன்னல்களும் அவர் காலத்து வேலை.

பெரும்பாலோர் வருவது 1897 பிப்ரவரி 6 முதல் 14 வரை விவேகானந்தர் தங்கிய அறைக்காக. இப்போது அது தியான அறை; பேச்சை வெளியே விட்டுவிட்டுப் போங்கள். ஆனால் கட்டடத்தின் கனமான வரலாறு அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அன்பர்கள் கேட்டுக்கொண்டபடி அவர் அனுப்பிய சக துறவி ராமகிருஷ்ணானந்தர் அதே ஆண்டு மார்ச்சில் வந்தார். ராமகிருஷ்ணா மிஷன் தொடங்கியதோ மே 1-ல்தான்! முதலில் பக்கத்தில் ஒரு வாடகை வீடு, பிறகு இங்கே. பூஜை, ஊரெங்கும் வகுப்புகள், கைக்கும் வாய்க்குமான வரவு: தென்னிந்தியாவின் முதல் ராமகிருஷ்ண மடம் இப்படித்தான் ஓடியது. ஐயங்கார் காலமான பின் 1906-ல் வீடு ஏலத்துக்கு வந்தது. ஏலம் நடக்கும்போது ராமகிருஷ்ணானந்தர் வளாகத்து ஓரத்தில் ஒரு பெஞ்சில் சலனமில்லாமல் உட்கார்ந்திருந்தார் என்று சொல்வார்கள். பின்கட்டில் சிலகாலம் இருந்துவிட்டு, 1907-ல் மயிலாப்பூரில் மடத்துக்கென்று கட்டிய சிறு கட்டடத்துக்குப் போனார்.

1917-ல் அரசு வாங்கியது. விதவைகளின் கல்விக்காகப் பாடுபட்ட சகோதரி சுப்புலட்சுமியின் பொறுப்பில் இளம் விதவைகள் இங்கே தங்கிப் படித்தார்கள். எங்களுக்கு இது தனியாக ஒரு கண்காட்சி வைக்கத் தகுந்த விஷயம். 1963-ல் இன்றைய பெயர். 1997-ல் மடத்திடம் குத்தகைக்கு வந்தது.

படங்களையும் விளக்கங்களையும் ஓட்டமாகப் பார்த்தால் பாதி விட்டுப்போகும். ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். பீச்சோடு சேர்த்து ஞாயிறு மாலை வைத்துக்கொண்டால் கூட்டத்தில் ஒன்றும் படிக்க முடியாது. முடித்ததும் திருவல்லிக்கேணியில் பறக்கும் ரயில் பிடித்தால் மூன்றாவது நிறுத்தம் திருமயிலை. அங்கிருந்து மயிலாப்பூர் மடத்துக்கு நடந்தே போகலாம்.