கொக்கி மூடிக் கண்ணாடி ஜாடிகள்: உலர்ந்த பொருட்களுக்கு நன்று, பானங்களுக்கு அவ்வளவாக இல்லை

வீட்டில் உணவுப் பொருட்களைச் சேமிப்பதற்கென்று விற்கப்படும் பாத்திரங்களில், எஃகுக் கம்பிக் கொக்கியால் மூடியை இறுக்கிப் பூட்டும் கண்ணாடி ஜாடிகளே பார்ப்பதற்கு மிக அழகானவை. ஆனால் வாங்குபவர் உற்றுப் பார்க்க வேண்டியது மூடிக்கும் விளிம்புக்கும் நடுவே அமர்ந்திருக்கும் மெல்லிய சிலிகான் வளையத்தைத்தான். நான் இங்கு மதிப்பிடுவது, சதுர வடிவில் அரை லிட்டர், ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் அளவுகளில் வரும் ஜாடிகளும், அதே கொக்கி மூடி கொண்ட சதுரப் பாட்டில்களும் அடங்கிய ஒரு தொகுப்பை. அன்றாடம் புழங்கிய அனுபவத்தில், உலர்ந்த பொருட்களுக்கு ஜாடிகளை மனமாரப் பரிந்துரைக்கிறேன். பாட்டில்களைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் "எதையும் புதிதாகவே வைத்திருக்கும்" என்ற வாசகத்தை ஒப்புக்கொள்ளவும் முடியாது.

முதலில் மூடி. வெறும் ஜாடியைப் பூட்டித் தண்ணீருக்குள் முழுவதுமாக அமிழ்த்திப் பிடித்தால், காற்று கசியும் இடத்தில் குமிழிகள் வரிசையாக மேலெழும்பும். எந்த ஜாடியையும் வாங்கியவுடன் இப்படிச் சோதித்துவிடுவது நல்லது. இந்தத் தொகுப்பில் சிறிய, நடுத்தர ஜாடிகளிலிருந்து ஒரு குமிழிகூட வரவில்லை. இரண்டு லிட்டர் ஜாடியில் மட்டும் வளையம் ஒரு மூலையில் சற்றுச் சுருண்டு உட்கார்ந்திருந்தது. அதைக் கழற்றி நேராகப் பொருத்திய பிறகு அந்தக் கசிவும் நின்றது. உப்பு கட்டிதட்டாமலும் பிஸ்கட் நமுத்துப்போகாமலும் மழைக்காலம் முழுவதும் இருந்தன என்பதே இந்த மூடிக்குக் கிடைத்த சரியான சான்று. சாதாரணப் பிளாஸ்டிக் டப்பாவின் சுவர் வழியாகவே ஆக்சிஜன் மிக மெதுவாக உள்ளே ஊடுருவும். கண்ணாடியில் அதற்கு வழியே இல்லை என்பதால், முழுப் பொறுப்பும் வளையத்தின் மேல் விழுகிறது.

காற்றுப் புகாத மூடி செய்வது ஒரே வேலைதான்: வெளியே இருப்பதை உள்ளே விடாது. ஏற்கெனவே உள்ளே இருப்பதை அது ஒன்றும் செய்யாது. ஈரம் சரியாக உலராத தானியத்தை இந்த ஜாடியில் அடைத்துவைத்தால், வெளியேற வழியில்லாத அந்த ஈரமே பூஞ்சைக்கு இடம் கொடுக்கும். பொதுவாகத் தானியத்தின் ஈரப்பதம் 14 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும் என்பார்கள். வண்டு விஷயமும் இப்படித்தான். அரிசி வண்டு மணியைத் துளைத்து உள்ளே முட்டையிட்டு, துளையையும் மூடிவிடுவதால், கண்ணுக்குச் சுத்தமாகத் தெரியும் அரிசியிலும் முட்டைகள் இருக்கலாம். சில வாரங்கள் கழித்துப் பூட்டிய ஜாடிக்குள் வண்டு ஊர்வதைப் பார்த்து மூடியைப் பழிப்பது நியாயமாகாது. தானியத்தை நிரப்புவதற்கு முன் ஒரு பையில் கட்டி, உறைபெட்டியில் மைனஸ் 18 டிகிரி செல்சியஸில் நான்கைந்து நாட்கள் வைத்தெடுத்தால் முட்டைகள் அழிந்துவிடும். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல், அறையின் வெப்பநிலைக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டுப் பிரித்தால் குளிர்ந்த மணிகளின் மேல் காற்றின் ஈரம் நீர்த்துளிகளாகப் படிந்து, செய்த வேலை முழுவதையும் கெடுத்துவிடும்.

தெளிவான கண்ணாடி இந்த ஜாடிகளின் அழகும் குறையும் ஆகும். உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்பது ஒரே பார்வையில் தெரிவது பெரிய வசதி. பழைய இருப்பு அடியிலேயே தங்கிவிடாமல் கவனிக்கவும் அது உதவுகிறது. ஆனால் எண்ணெய், கொட்டை வகைகள், தவிடு நீக்காத மாவு போன்ற கொழுப்புள்ள பொருட்கள் வெளிச்சத்திலும் வெப்பத்திலும் விரைவாகச் சிக்கு வாடை அடிக்கத் தொடங்கும். ஜாடி பாதி காலியானதும் அந்த வெற்றிடத்தில் நிற்கும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதற்குத் துணைபோகும். ஆகையால் இவற்றைச் சிறிய ஜாடிகளில் விளிம்புவரை நிரப்பி, கதவுள்ள அலமாரியில், அடுப்புக்கு எட்டத்தில் வைப்பதே சரி. விளம்பரப் படத்தில் இருப்பதுபோல ஜன்னலோரம் வரிசையாக அடுக்குவது கண்ணுக்கு மட்டுமே விருந்து.

பாட்டில்களைப் பற்றி எனக்கு மனக்குறை உண்டு. வாய் குறுகலாகவும் பக்கங்கள் சதுரமாகவும் இருப்பதால் தூரிகை மூலைகளை எட்டுவதில்லை. பால், பழச்சாறு ஊற்றிவைத்த பாட்டிலில் மூலைப் படிவு தங்கினால் அடுத்து ஊற்றுவதும் விரைவில் புளித்துவிடும். குளிர்பதனப் பெட்டியின் கதவுத் தட்டில் இந்தப் பாட்டில் பாந்தமாகப் பொருந்துகிறது என்றாலும், கதவு திறக்கும்போதெல்லாம் வெப்பக் காற்று படும் இடம் அதுவே. பாலை 5 டிகிரிக்குக் கீழே நிலையாக வைத்திருக்க உள்தட்டுதான் தகுந்தது. வாயு கலந்த பானங்களை இதில் மாற்றி ஊற்றவே கூடாது: ஊற்றும்போதே பாதி வாயு போய்விடும், மிச்சமிருப்பது தரும் உள்ளழுத்தத்தைத் தாங்குவதற்குத் தட்டையான கண்ணாடிப் பக்கங்கள் ஏற்றவை அல்ல. வீட்டில் புளிக்கவைக்கும் பானங்களை இதில் இறுகப் பூட்டிவைப்பது உண்மையிலேயே ஆபத்தானது. பாட்டில் வெடித்துச் சிதறக்கூடும். தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 சதவீதம் விரிவடையும் என்பதால், நிரம்பிய பாட்டிலை உறைபெட்டியில் வைப்பதும் கூடாது. குடிநீர் வைப்பதற்கு மட்டும் குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணாடியில் எந்த வாடையும் ஏறுவதில்லை.

ஜாடியோடு வரும் கையேட்டில் எண்ணெயில் ஊறவைத்த பூண்டின் படம் ஒன்று இருக்கிறது; அது அங்கே இருந்திருக்கக் கூடாது. காற்றில்லாத, புளிப்பில்லாத சூழலில்தான் பாட்டுலிசம் என்னும் கொடிய நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளரும். எண்ணெய்க்குள் மூழ்கிய பூண்டு அறையின் வெப்பநிலையில் அதற்கு வாகான இடம். அந்த நச்சு இருப்பது நிறத்திலோ வாடையிலோ தெரிய வேண்டும் என்பதில்லை. அப்படிப்பட்ட கலவையைச் சிறிதளவே செய்து, குளிரில் வைத்து, சில நாட்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். இதைப் பற்றி ஒரு வரி எச்சரிக்கைகூட அச்சிடாதது தயாரிப்பாளரின் பெரிய பொறுப்பின்மை என்றே கருதுகிறேன்.

பராமரிப்பு எளிது. வளையத்தைக் கழற்றாமல் கழுவினால் அதன் அடியில் ஈரம் தங்கிக் கரும்பூசணம் பிடிக்கும். கழற்றித் தனியே உலர்த்தினால் அந்தத் தொல்லை இல்லை. காப்பித் தூளின் மணத்தைச் சிலிகான் பிடித்துக்கொண்டு எளிதில் விடுவதில்லை என்பதால், மணம் மிகுந்த பொருட்களுக்கென்று ஒரு ஜாடியை ஒதுக்கிவிட வேண்டும். கொக்கியின் கீல் பகுதியை ஈரத்தோடு விட்டால் துருப்புள்ளி தோன்றுகிறது. கொதிக்கும் நீரைக் குளிர்ந்த ஜாடியில் திடீரென்று ஊற்றினால் கண்ணாடி விரிசல் விடும்.

வாங்குவோர் முழுத் தொகுப்பையும் எடுக்கத் தேவையில்லை. அரை லிட்டர், ஒரு லிட்டர் ஜாடிகளைத் தனித்தனியாகவும் விற்கிறார்கள். அவற்றோடு மாற்று வளையங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பானங்களுக்கு, கை நுழையும் அளவுக்கு அகன்ற வாயுள்ள உருண்டைப் பாட்டில்களை வேறிடத்தில் பார்க்கலாம்.