பெயரில்லாத 12 வோல்ட் அடாப்டர்: வேலூர் கடைகளில் கிடைப்பதை வாங்கலாமா?

லாங் பஜார் பக்கம் கேமரா சாமான் விற்கும் கடைகளில் கம்பெனி பெயரே இல்லாத கறுப்பு அடாப்டர் கிடைக்கும். 12 வோல்ட், 2 ஆம்பியர், ரவுண்டு பின். சிசிடிவி, ரவுட்டர், எல்இடி ஸ்ட்ரிப் எல்லாவற்றுக்கும் இதையே மாட்டிவிடுகிறார்கள். கேமரா ஓடும், குறையில்லை. ஆனால் இது ரேடியோவில் இரைச்சலைக் கிளப்பும். மீடியம் வேவ் (ஏஎம்) ரேடியோ கேட்கிற வீட்டுக்கு இது வேண்டாம்.

கடையிலேயே சோதித்துவிடலாம். பேட்டரியில் ஓடும் ரேடியோவில் சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸை வையுங்கள். கரண்டில் ஓடும் ரேடியோ என்றால் ஒயர் வழியாக வரும் இரைச்சலும் சேர்ந்து குழப்பும். அடாப்டரில் கேமராவை மாட்டியே பாருங்கள். லோடு இல்லாதபோது பல அடாப்டர்கள் விட்டுவிட்டு இயங்கும், சத்தம் வேறு மாதிரி வரும். உருப்படியான அடாப்டரில் இரண்டு மூன்று அடி தள்ளினாலே இரைச்சல் அடங்கிவிடும். பெயரில்லாத அடாப்டரிலோ அடுத்த அறை வரை ‘கொர்ர்’ என்று வரும். டயலில் ஸ்டேஷன் இல்லாத இடத்தில் வைத்து, ரேடியோவைப் படுக்கைவாட்டில் மெல்லத் திருப்பினால் ஒரு நிலையில் சத்தம் நன்றாகக் குறையும். அப்போது உள்ளே ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் கம்பியின் இரு முனைகள் எந்தப் பக்கங்களில் நீட்டியிருக்கின்றனவோ, பெரும்பாலும் அவற்றில் ஒரு பக்கம்தான் சத்தத்தின் மூலம்.

காரணம் உள்ளே இருக்கிறது. இரைச்சலை வடிகட்ட, கரண்ட் நுழையும் இடத்தில் மஞ்சள் பெட்டி போன்ற எக்ஸ்2 கெப்பாசிட்டரும், ஒரே கோரில் இரண்டு சுற்றுகளாக காமன் மோட் சோக் என்ற கம்பிச்சுருளும் இருக்க வேண்டும். மலிவு அடாப்டரில் சோக்குக்குப் பதில் இரண்டு ஜம்பர் ஒயர், கெப்பாசிட்டர் இடத்தில் வெறும் ஓட்டை. டிரான்ஸ்ஃபார்மரின் இரு பக்கத்தையும் இணைக்கும் நீல ஒய் கெப்பாசிட்டரும் விடுபட்டிருக்கும். அந்த இடத்தில் சாதாரண டிஸ்க் கெப்பாசிட்டரை வைத்து நீங்களே சரிசெய்யாதீர்கள். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேராக கேமரா ஒயருக்கு வந்துவிடும்.

கடைக்காரர் கொடுக்கும், ஒயரைக் கவ்விக்கொள்ளும் கிளிப் ஃபெரைட்டை ஒயரில் ஒருமுறை மாட்டினால் 720 கிலோஹெர்ட்ஸில் பலன் கிடையாது. அது மெகாஹெர்ட்ஸ் கணக்கில் வரும் இரைச்சலுக்கானது. மீடியம் வேவுக்குப் பெரிய ஃபெரைட் வளையத்தில் டிசி ஒயரை, அடாப்டரை ஒட்டியே, 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். தடுப்பு சுற்றுகளின் வர்க்கத்தில் ஏறும்: 3 சுற்றுக்கு 9 மடங்கு, 8 சுற்றுக்கு 64 மடங்கு.

ஸ்டிக்கரில் சிஇ, எஃப்சிசி என்ற வெளிநாட்டு முத்திரைகளை அச்சடிக்க யாராலும் முடியும். நம்மூரில் பார்க்க வேண்டியது பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ‘ஆர்-’ என்று தொடங்கும் 8 இலக்க எண்ணும். பிஐஎஸ் கேர் ஆப்பில் அதைப் போட்டால் தயாரிப்பாளர் பெயர் வரும். ஸ்டிக்கரோடு ஒத்துப்போகாவிட்டால் வைத்துவிட்டு வாருங்கள். அந்த எண்ணும் ஷாக், தீ விஷயத்தில் சோதித்ததற்குத்தான் சாட்சி. ரேடியோ இரைச்சலுக்கு அது உத்தரவாதமில்லை, ஆகவே எண் சரியாக இருந்தாலும் ரேடியோ சோதனையை விடாதீர்கள்.

அதே கல்லாவில் ‘கதிர்வீச்சு தடுப்பு’ ஸ்டிக்கர் ஒன்றையும் நீட்டுவார்கள். அடாப்டருக்கு அது அர்த்தமே இல்லாதது, போனுக்கோ கெடுதல். ஆன்டெனாவை மறைத்தால் போன் டவரைப் பிடிக்கக் கூடுதல் சக்தியில் அலை வீசும். போனின் எஸ்ஏஆர் அளவு, அதாவது உடல் உறிஞ்சும் அலைச் சக்தியின் அளவு, தெரிய *#07# அடியுங்கள். இந்தியாவில் 2012 செப்டம்பர் முதல் உச்சவரம்பு, 1 கிராம் திசுவில் சராசரியாகக் கிலோவுக்கு 1.6 வாட்.

வேலூர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சூடு 10 டிகிரி ஏறினால், உள்ளே திரவம் உள்ள எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகிறது. மொட்டைமாடித் தகரப் பெட்டியில் வைத்த அடாப்டரில் அது சீக்கிரம் காய்ந்துவிடும், இரைச்சலும் கூடும், இரவில் கேமரா படத்தில் கோடு ஓடும். அடாப்டரை வீட்டுக்குள் வைத்து, டிசி ஒயரை மட்டும் மேலே கொண்டுபோங்கள்.