அலர்ஜி டாக்டர் ஆகணும்னா டிப்ளமாவா, சர்ட்டிஃபிகேட்டா, அமெரிக்காவா?

தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல டாக்டருக்குப் படிச்சு முடிச்சு, இன்டர்ன்ஷிப் ரெண்டு வருஷம், கம்சர்வ்ங்கிற கட்டாய சமூக சேவை ஒரு வருஷம்னு ஓடிக்கிட்டிருக்கிற நம்ம பிள்ளைங்க அலர்ஜி பக்கம் போகணும்னு சொன்னா எல்லாரும் முதல்ல கைகாட்டுறது டிப்ளமாவைத்தான். டாக்டருங்களுக்கு மேற்படிப்புப் பரீட்சை வைக்கிற காலேஜஸ் ஆஃப் மெடிசின் நடத்துற பரீட்சை, ஜிபிங்க, அதாவது பொது டாக்டருங்க நிறைய பேர் எழுதுறாங்க, டர்பன்ல சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பக்கம் மூக்கடைப்பு, வீசிங், எக்சிமாங்கிற தோல் அரிப்புனு வர்ற ஜனங்களுக்கு ரொம்பவே பிரயோஜனம். ஆனா அதை வச்சு ஸ்பெஷலிஸ்ட்னு போர்டு மாட்ட முடியாது.

சர்ட்டிஃபிகேட் வேற லெவல். குழந்தை மருத்துவமோ ஜெனரல் மெடிசினோ நாலு வருஷம் ரெஜிஸ்ட்ராரா, அதாவது ஸ்பெஷலிஸ்ட் பயிற்சியில இருக்கிற டாக்டரா இருந்து முடிச்சு, அதுக்கு மேல அலர்ஜாலஜி ரெண்டு வருஷம். இடம் ரொம்பக் கம்மி, கேப் டவுன் ரெட் கிராஸ் குழந்தைங்க ஆஸ்பத்திரி மாதிரி இடத்துக்கு மூட்டை கட்டணும்.

இவ்வளவு வருஷம் எதுக்குனு கேப்பீங்க. தோல்ல லேசா குத்திப் பாக்கிற ஸ்கின் பிரிக் டெஸ்ட் பண்றதை சீக்கிரமே கத்துக்கலாம், 15 நிமிஷம் கழிச்சு தடிப்பு 3 மில்லிமீட்டர் இருக்கானு அளக்கிறதுதான். ஆனா பாசிட்டிவ் வந்தாலே அலர்ஜினு அர்த்தம் இல்ல, உடம்புல அதுக்கு ஆன்டிபாடி இருக்குனு மட்டும்தான் அர்த்தம், இது புரியாம நல்லா சாப்பிட்டுக்கிட்டிருந்த பிள்ளைக்கு முட்டை, பால், கடலைனு எல்லாத்தையும் நிறுத்திட்டா பிள்ளையோட வளர்ச்சிதான் அடிபடும், எக்சிமா இருக்கிற பிள்ளைக்கு அப்படி நிறுத்தினதாலேயே பின்னாடி நிஜ அலர்ஜி வந்துடவும் கூடும். சந்தேகம்னா கடுமையான அலர்ஜி வந்தா போடுற அட்ரினலின் ஊசியைப் பக்கத்துல வச்சுக்கிட்டு கொஞ்சம் கொஞ்சமா ஊட்டிப் பாக்கிற ஃபுட் சேலஞ்ச் பண்ணணும், அந்த தைரியமும் நிதானமும் சீனியர் பக்கத்துல நின்னு பழகினாத்தான் வரும்.

அமெரிக்காவுல குழந்தை மருத்துவத்திலோ ஜெனரல் மெடிசினிலோ ரெசிடென்சிங்கிற பயிற்சி மூணு வருஷம், அதுக்கு மேல அலர்ஜிக்குன்னு ஃபெலோஷிப் ரெண்டு வருஷம். அங்க 1971லயே இதுக்குன்னு ஸ்பெஷலிஸ்ட் சான்று தர்ற தனி போர்டு வந்தாச்சு. அந்த ரெண்டுல எந்தப் பக்கத்துல இருந்து உள்ள போனாலும் பெரியவங்க, குழந்தைங்க ரெண்டு பேரையும் பாக்கப் பழக்குறாங்க, பிறவியிலேயே எதிர்ப்பு சக்தி குறைஞ்ச பிள்ளைங்களைப் பாக்கிறதும் அந்தப் பயிற்சிலயே சேர்த்தி. இம்யூனாலஜிங்கிற எதிர்ப்பு சக்தி படிப்புதான் உங்க உயிர்னா அங்கதான் போகணும். ஆனா யூஎஸ்எம்எல்இங்கிற லைசென்ஸ் பரீட்சை எழுதணும், மேட்ச்ங்கிற இட ஒதுக்கீட்டுல இடம் கிடைக்கணும், ஜே-1ங்கிற பயிற்சி விசான்னா முடிச்சதும் பொதுவா ரெண்டு வருஷம் ஊர் திரும்பணும்ங்கிற கண்டிஷன், வந்தப்புறம் இங்க ஸ்பெஷலிஸ்ட் பதிவுக்கு டாக்டருங்களைப் பதிவு பண்ற எச்பிசிஎஸ்ஏ கவுன்சில் வாசல்ல நிக்கணும்.

டர்பன்லயே இருக்கப் போறவங்களுக்கு என் ஓட்டு சர்ட்டிஃபிகேட்டுக்குத்தான். ரெஜிஸ்ட்ரார் போஸ்ட் கிடைக்கிற வரைக்கும் சும்மா உக்காராம டிப்ளமாவுக்குப் படிக்க ஆரம்பிங்க.