மெயில் லிஸ்ட்ல இருக்கிறவங்கள வாங்க வைக்கிறது எப்படி: கூப்பனா, ட்ரையல் பேக்கா, சீசன் புக்கிங்கா?

குன்னூர்ல டீ விக்கிறவங்க, கோத்தகிரில தேன், ஊட்டில ஹோம்மேட் சாக்லேட், கொடைக்கானல் பக்கம் மலைப்பூண்டுன்னு யார்கிட்ட கேட்டாலும் இப்ப ஒரு மெயில் லிஸ்ட் இருக்கு. பில் போடுற இடத்துல நோட்டு வச்சு எழுதி வாங்கினது, க்யூஆர் ஒட்டி வாங்கினதுன்னு ஆயிரம் ரெண்டாயிரம் அட்ரஸ் சேர்ந்து கிடக்கும். சரி, அதுல எத்தன பேரு காசு குடுத்து வாங்குறாங்கன்னு கேளுங்க, பேச்சு அப்படியே கிளைமேட் பக்கம் போயிடும்.

முன்னாடி இது பெரிய விஷயம் இல்ல, சீசன்ல வர்ற கூட்டமே போதும். 2024 மே 7ல இருந்து மலைக்கு வர்ற டூரிஸ்ட் வண்டிக்கு இ-பாஸ் வந்துச்சு, அப்புறம் 2025 சீசனுக்கு நீலகிரிக்கு வார நாள்ல 6000 வண்டி, வாரக் கடைசில 8000, கொடைக்கானலுக்கு 4000, 6000ன்னு ஹைகோர்ட்டு கணக்கு வச்சிருச்சு. அது சரியா தப்பாங்கிற சண்டைக்கு நான் வரல. கடை வாசலுக்கு வர்ற ஆளுக்கு ஒரு அளவு இருக்குன்னா, ஏற்கனவே வந்துட்டு கீழ இறங்கிப் போனவங்கள திரும்ப வாங்க வச்சே ஆகணும். அதுக்கு இங்க எல்லாரும் பண்றது மூணு வழிதான். நான் டீய வச்சே பேசுறேன், மத்த சரக்குக்காரங்க உங்க கணக்க போட்டுப் பாத்துக்கோங்க.

கூப்பன்ல இருந்து ஆரம்பிப்போம், ஏன்னா 20 பர்சென்ட் தள்ளுபடி தர்ற 'வெல்கம் 20' தான் எல்லாரும் மொதல்ல அனுப்புறது. 250 கிராம் ஆர்த்தடாக்ஸ் டீ (இலைய சுருட்டிப் பண்ற இலை டீ) 400 ரூபான்னு வச்சுக்கோங்க, இலை, பாக்கிங், கூரியர், ஆன்லைன் பேமெண்ட் கேட்வே கட்டணம் எல்லாம் போக கையில 120 நிக்குது. 20 பர்சென்ட் தள்ளினா 80 ரூபா காலி, மிச்சம் 40. அதாவது கூப்பன் இல்லாம 10 பேரு வாங்கியிருப்பாங்கன்னா, கூப்பன் போட்டு 30 பேரு வாங்கினாத்தான் அதே லாபம், அதுவும் மூணு மடங்கு பாக்கிங் பண்ணி, மூணு மடங்கு கூரியர் ஆபீஸ்ல நின்னு. இத யாரும் பேப்பர்ல எழுதிப் பாக்கிறதே இல்ல. இன்னொன்னு, ஒரு தடவ கூப்பன்ல வாங்கினவங்க அடுத்த கூப்பன் வர்ற வரைக்கும் அசைய மாட்டாங்க, ஃபுல் ரேட்டு அவங்களுக்கு ஏமாத்து வேல மாதிரி தெரிய ஆரம்பிச்சிடும். சரக்கு தேங்கி நிக்குது, தேதி நெருங்குதுன்னா கூப்பன் போடலாம், தப்பில்ல. புதுசா சேர்ந்த ஆளுக்கு மொத மெயில்லயே ரேட்ட இறக்கிக் காட்டுறது எனக்கு ஒத்துவராது.

தள்ளித்தான் ஆகணும்னா கூரியர் ஃப்ரீ குடுங்க, ஆனா எடையப் பாத்துக் குடுங்க. பெரும்பாலான கூரியர்ல எடைக்கேத்த ரேட்டுல மொத ஸ்லாப் அரை கிலோ. 250 கிராம் பாக்கெட் ரெண்டு போட்டா கவர், அட்டையோட அரை கிலோவ தாண்டி அடுத்த ஸ்லாப்புக்குப் போயிடும், அதுவே 200 கிராம் பாக்கெட்டா இருந்தா ரெண்டும் மொத ஸ்லாப்லயே அடங்கும். ரெண்டு பாக்கெட் எடுத்தா டெலிவரி ஃப்ரீன்னு சொல்றப்ப ரெண்டாவது பாக்கெட்டுக்கு கூரியர்ல கூடுதலா ஒண்ணும் போகல, அவங்க வாங்கினது மட்டும் டபுள்.

ரெண்டாவது ட்ரையல் பேக். நாலு வகை டீ, ஒவ்வொண்ணும் 25 கிராம், டெலிவரியோட சேத்து 199. ஒரு கப்புக்கு ரெண்டரை கிராம்னா ஒரு வகைக்கு பத்து கப் வரும், ஒரு வாரம் வீட்டுல குடிச்சுப் பாக்க தாராளம். இதுல லாபம்னு பெருசா நிக்காது, கைய கடிக்காம இருந்தா சரி. ஃப்ரீயா மட்டும் குடுத்துடாதீங்க, ஃப்ரீ சாம்பிள் வாங்குறதுக்குன்னே ஒரு கூட்டம் இருக்கு, அவங்க எங்கயும் காசு குடுத்து வாங்குறதில்ல. 199 போனாலும் பரவால்லன்னு யூபிஐல தட்டினாரே, அவருதான் நமக்கு வேண்டிய ஆளு.

ஆனா பேக்க அனுப்பிட்டு சும்மா இருந்தா வேலைக்காகாது. நம்ம கடையில நின்னு குடிச்சப்ப ருசியா இருந்த அதே டீ சென்னையில போட்டா கசக்குதுன்னு சொல்லுவாங்க, பொய் இல்ல, நெஜமாவே கசக்கும். குன்னூர் கிட்டத்தட்ட 1850 மீட்டர் உயரம், இங்க தண்ணி 94 டிகிரி பக்கத்துலயே கொதிச்சிடும், சென்னையில 100 டிகிரி. அந்த கொதிக்கிற தண்ணிய அப்படியே இலை மேல ஊத்தி, அஞ்சாறு நிமிஷம் மறந்துட்டு, போதாக்குறைக்கு பாலும் ஊத்தினா ஆர்த்தடாக்ஸ் இலை பாவம் என்ன பண்ணும்? வீட்டுல பழக்கம் சிடிசி டஸ்ட், அதாவது மெஷின்ல நறுக்கின டீத்தூள், அது பால்ல கொதிச்சாத்தான் டீ. அதனால பார்சல் போய் சேர்ற அன்னிக்கு ஒரு மெயில் போகணும், விக்கிற மெயில் இல்ல, போடுற விதம் சொல்ற மெயில், இந்த மாதிரி:

'தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணச்சிட்டு ஒரு நிமிஷம் விடுங்க. ஒரு கப்புக்கு ஒரு டீஸ்பூன் இலை. மூடி வச்சு மூணு நிமிஷம், அதுக்கு மேல வேண்டாம். மொத கப் பால் இல்லாம குடிச்சுப் பாருங்க.'

ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது மெயில், நாலுல எது புடிச்சுதுங்கன்னு ஒரே கேள்வி, வேற எதுவும் வேண்டாம். பதில் போடுறவங்களுக்கு அவங்களுக்குப் புடிச்ச அந்த வகையோட பெரிய பாக்கெட் லிங்க், கூடவே ட்ரையலுக்கு குடுத்த காசுல 100 ரூபா கழிவு, 30 நாளுக்குள்ள. கேக்க இதுவும் தள்ளுபடிதான், ஆனா இது ஏற்கனவே காசு குடுத்த ஆளுக்கு மட்டும் போகுது, ஊருக்கெல்லாம் இல்ல.

பூண்டுக்கு இந்த வழி வேண்டாம். 2019ல புவிசார் குறியீடு வாங்கின கொடைக்கானல் மலைப்பூண்டுல கால் கிலோவே ட்ரையல்தான், 25 கிராம் பூண்ட கூரியர்ல அனுப்பினா சிரிப்பாங்க.

மூணாவது சீசன் புக்கிங். டிசம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் ராத்திரி குளிர் இறங்குறப்ப கொழுந்து மெதுவா வளரும், அந்த இலையில போடுறது ஃப்ராஸ்ட் டீ, வாசனை தனி, அளவு கம்மி. நவம்பர் கடைசியில ஒரு மெயில், எத்தன கிலோ வரும்னு எதிர்பாக்குறோம், எப்ப அனுப்புவோம், பனி ஏமாத்திட்டா பணம் திரும்ப வந்துடும்னு மூணையும் தெளிவா எழுதி முன்பணம் வாங்கலாம். தள்ளுபடியே வேண்டாம், ஃபுல் ரேட்டு. லாபக் கணக்குல மூணுலயும் இதுதான் மேல, சந்தேகமே இல்ல. சிக்கல் என்னன்னா, பேரு மட்டும் குடுத்துட்டுப் போன ஆளு ரெண்டு மாசம் கழிச்சு வரப்போற டீக்கு இன்னிக்கு காசு போட மாட்டாரு. ட்ரையல் குடிச்சவரு போடுவாரு. அப்புறம் 'இன்னும் 3 பாக்கெட்தான்'னு பொய்க்கு எழுதுறத விட்டுடுங்க, பொங்கல் கழிச்சும் அதே மூணு பாக்கெட் நின்னா அவங்களுக்குப் புரியாதா என்ன.

அதனால என் ஓட்டு ட்ரையல் பேக்குக்குத்தான், சீசன் புக்கிங் அதுக்கு அடுத்த படி, கூப்பன் ஸ்டாக் தள்ள மட்டும்.

வாட்ஸ்அப்லயே எல்லாம் பண்ணிக்கலாமேன்னு கேப்பாங்க. பிராட்காஸ்ட் லிஸ்ட்ல 256 பேருதான், அதுவும் உங்க நம்பர அவங்க சேவ் பண்ணியிருந்தாத்தான் மெசேஜ் போகும், டூரிஸ்ட் யாருங்க டீக்கடை நம்பர சேவ் பண்றாங்க? பார்சல் எங்க இருக்குன்னு சொல்ல வாட்ஸ்அப் நல்லது, நாலு பத்தி விளக்க மெயில்தான்.

மெயில்ல பாக்க வேண்டியது ரெண்டு. ஜிமெயில் அட்ரஸ வச்சு மொத்தமா மெயில் அனுப்புற டூல்ல இருந்து அனுப்பாதீங்க, சொந்த டொமைன் வாங்கி எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மெயில் நெஜமாவே உங்ககிட்ட இருந்துதான் வருதுன்னு காட்டுற செட்டிங் மூணும் போடுங்க, 2024 பிப்ரவரில இருந்து கூகுள் இதுல ரொம்ப கறார். எத்தன பேரு மெயில தொறந்தாங்கன்னு சொல்ற ஓபன் ரேட்ட பாத்து சந்தோஷப்படவும் வேண்டாம், 2021ல ஆப்பிள் பிரைவசி செட்டிங் கொண்டு வந்ததுல இருந்து ஆளு தொறக்காமலே தொறந்த கணக்கா காட்டும், ஆர்டர மட்டும் எண்ணுங்க.

ஒரு வருஷமா ட்ரையலும் வாங்கல, பதிலும் போடலன்னா, இன்னும் அனுப்பட்டுமான்னு கடைசியா ஒரு மெயில் கேட்டுட்டு லிஸ்ட்ல இருந்து எடுத்துடுங்க. ஸ்பாம் புகார் 0.3 பர்சென்ட்ட தொட்டா, வாங்குறவங்களுக்கு அனுப்புற மெயிலும் ஸ்பாம்லதான் போய் விழும்.