தனியணுப் பல்லேடியம்: கார்பன் நைட்ரைடா, தாமிரமா?

எத்திலீனில் கலந்திருக்கும் அசிட்டிலீனை எத்திலீனாக்க வேண்டும். எத்தேன் வரை போகவிடக் கூடாது. இதற்கான வினையூக்கி பல்லேடியம். பல்லேடியம் நானோத்துகள் இங்கே தவறுவதற்குக் காரணம், அது ஹைட்ரஜனைத் தன் உடலுக்குள்ளேயே வாங்கி ஹைட்ரைடாகி, கைக்கு வந்த இரட்டைப் பிணைப்பையும் தின்றுவிடுவதுதான். அணுக்களைத் தனித்தனியாக நிறுத்தினால் ஹைட்ரைடுக்கு இடமில்லை. எத்திலீனும் தளர்வாக ஒட்டி விலகிவிடும். அப்படி நிறுத்த இங்கே ஒப்பிடும் தளங்கள் இரண்டு: கார்பன் நைட்ரைடு, தாமிரம்.

கார்பன் நைட்ரைடு வழி எளிது. மெலமைனை மூடியிட்ட மூசையில் 550 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டால் ஏறத்தாழ பாதி எடை தேறும். யூரியாவில் பரப்பு அதிகம், விளைச்சல் சொற்பம். இரண்டிலும் அம்மோனியா கிளம்பும், புகைக்கூண்டு கட்டாயம். பல்லேடியத்தைச் சுமக்கும் இந்தத் தாங்கி ஒரு கிராமுக்கு 0.5 சதவீதப் பல்லேடியம் என்றால் 8.3 மில்லிகிராம் பல்லேடியம் குளோரைடு. வெறும் நீரில் சரியாகக் கரையாது, துளி ஹைட்ரோகுளோரிக் அமிலம் வேண்டும். நீர் அயனி நீக்கியதாக இருக்கட்டும். காரைக்குடியின் சம்பை ஊற்றுத் தண்ணீர் குடிக்க இனிக்கும், இதற்கு ஆகாது. இதன் பலவீனம் வேகம்: ஒற்றை அணுவில் ஹைட்ரஜன் பிளவுபடுவது மெதுவாக நடக்கும். வெப்பத்தை ஏற்றி ஈடுகட்டப் பார்த்தால் ஹைட்ரஜன் சூழலில் அணுக்கள் நகர்ந்து திரளும், பழைய நானோத்துகளே மிஞ்சும்.

தாமிர வழியில் வேலை பிரித்துக் கொடுக்கப்படுகிறது. பல்லேடியம் ஹைட்ரஜனைப் பிளக்கும், பிளந்த அணுக்கள் தாமிரப் பரப்புக்கு வழியும், அங்கே பிணைப்பு தளர்வு என்பதால் தேர்திறன், அதாவது எத்திலீனோடு நின்றுவிடும் திறன், கூடும். செய்முறை கால்வனிக் இடப்பெயர்ச்சி: தாமிர அணு கரைந்து வெளியேற, அதன் இடத்தில் பல்லேடியம் படியும். அரிமானத்தை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் மின்வேதியியல் ஆய்வகம் இருக்கும் காரைக்குடியில் இதை விளக்கத் தேவையில்லை. 5 சதவீதத் தாமிரம் ஏற்றிய ஒரு கிராம் அலுமினாவுக்கு, நூறு தாமிர அணுவுக்கு ஒரு பல்லேடியம் என்று கணக்கிட்டால் குளோரைடு வெறும் 1.4 மில்லிகிராம். இதைத் தராசில் நம்ப முடியாது: 14 மில்லிகிராமை 10 மில்லிலிட்டராகக் கரைத்து ஒரு மில்லிலிட்டர் எடுங்கள். தாமிரத்தை முதலில் ஹைட்ரஜனில் ஒடுக்கி, பிறகு எல்லாமே நைட்ரஜனில். காற்று புகுந்தால் அமிலத்தில் தாமிரமே கரையும். மேலே ஆக்சைடு படிந்தால் இடப்பெயர்ச்சி நின்றுவிடும்.

தனியணுதானா என்று பார்ப்பதில் கார்பன் நைட்ரைடுக்கே வெற்றி. இலேசான தாங்கியில் பல்லேடியம் மின்னணு நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும், தாமிரத்தில் மங்கும். அங்கே கார்பன் மோனாக்சைடு அகச்சிவப்பு நிறமாலைதான் கைகொடுக்கும்: 2000 செ.மீ⁻¹க்குக் கீழே, ஒரே மூலக்கூறு இரண்டு அணுக்களைப் பாலமாகப் பற்றும் பாலப் பிணைப்புப் பட்டை எழுந்தால் பல்லேடியம் அணுக்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.

சோதிக்கும்போது அசிட்டிலீனில் 20 சதவீதம் மட்டுமே மாறிய நிலையில் கிடைத்த தேர்திறனைக் காட்டி மகிழ வேண்டாம். அசிட்டிலீன் ஏறக்குறைய தீர்ந்த நிலையில், எத்திலீன் மிகுதியாக இருக்கும் கலவையில், இரண்டு வினையூக்கிகளையும் ஒரே மாற்ற அளவில் ஒப்பிடுங்கள். வினை நிறைய வெப்பம் விடும். படுகையில் குவார்ட்ஸ் மணல் கலந்து, வெப்பமானியை அதற்குள்ளேயே செருகுங்கள்.

வாயு ஓட்டத்துக்கு எங்கள் தேர்வு தாமிரம். குடுவையில் முப்பிணைப்புச் சேர்மங்களை ஹைட்ரஜனேற்றம் செய்பவர்கள் கார்பன் நைட்ரைடு எடுக்கலாம். இந்த வேலைக்கு வழக்கமாக எடுக்கும், காரீயம் கலந்த லிண்ட்லார் வினையூக்கிக்கு நல்ல மாற்று. ஆனால் வினை பாதியில் இருக்கும்போது சூடாகவே வடிகட்டி, வடிந்த திரவத்தில் வினை தொடர்கிறதா பாருங்கள். தொடர்ந்தால் பல்லேடியம் கரைந்து வெளியேறியிருக்கிறது.