கணவாயா, கடல் முயலா?

நரம்பு வேலை செய்யுற விதத்தப் படிக்க எந்தக் கடல் பிராணி நல்லது, கணவாயா (ஸ்க்விட்), கடல் முயலா? நரம்புல சிக்னல் எப்படி ஓடுதுன்னு பாக்கணும்னா கணவாய்தான், அதுல சந்தேகமே இல்ல. அதோட ராட்சத ஆக்ஸான் (நரம்பு செல்லோட நீள இழை, சிக்னல் ஓடுறது இதுலதான்) 1 மி.மீ. தடிமன் வரைக்கும் வரும், வெறும் கண்ணுக்கே தெரியும், உள்ள நீளவாக்குல மெல்லிசா ஒரு கம்பியவே சொருகிடலாம். ஹாட்ஜ்கின், ஹக்ஸ்லின்னு ரெண்டு விஞ்ஞானிங்க 1939ல இங்கிலாந்துல பிளிமத்ல அப்படித்தான் ஆரம்பிச்சாங்க, நடுவுல போர் வந்து வேலை நின்னுபோய், 1952லதான் சிக்னல் ஓடும்போது சோடியம் உள்ள பாயுது அப்புறம் பொட்டாசியம் வெளிய போகுதுன்னு கணக்கோட எழுதினாங்க (கம்ப்யூட்டர் கிடைக்காம ஹக்ஸ்லி கையால சுத்துற கால்குலேட்டர்ல போட்ட கணக்கு!). 1963ல நோபல். ஆனா கணவாய தொட்டில வச்சு காப்பாத்தறது பெரிய தலைவலி.

கடல் முயல் வேற ரகம். ஓடில்லாத நத்தை மாதிரி இருக்கும், சீண்டினா ஊதா மை விடும். மொத்தமே சுமார் 20,000 நியூரான் (நரம்பு செல்), அதுல பெரிய செல்லுக்கெல்லாம் தனித்தனியா பேரே வச்சிருக்காங்க. எரிக் கேண்டல்னு ஒரு விஞ்ஞானி இதுல பாத்தது சிம்பிள்: சைஃபனை (தண்ணி வெளிய விடுற குழாய்) திரும்பத் திரும்ப தொட்டா போகப்போக கண்டுக்காது, வால்ல ஒரு ஷாக் குடுத்துட்டு தொட்டா செவுள வெடுக்குனு இழுத்துக்கும். ஞாபகம்ங்கறது சினாப்ஸ்ல (ரெண்டு நியூரான் சேர்ற இடம்) நடக்குற மாத்தம்னு இதுல இருந்துதான் காட்டினாரு, 2000ல நோபல்.

கணக்குல கில்லின்னா கணவாய் பக்கம் போங்க. நான் கடல் முயல் கட்சி, அந்த மைக்காகவே.